எட்டு நகல், ஒரு அசல்

பிணம் ஒன்று அவசரமாக எழுந்து ஓடிவந்து ரேடியோவின் காலை மிதித்தது.

"சாரிங்கண்ணா. டீ தீர்ந்துடுமோன்னு பார்த்தேன்."

"பரவாயில்லை, செத்தவங்க சாபம் நமக்கு எதுக்கு?" என்ற ரேடியோ, பிணத்தின் நெஞ்சில் சிந்திய டீயைத் தன் கைக்குட்டையால் துடைக்கப் போனான். பிணம் பதறிப்போய் இரண்டடி பின்வாங்கியது.

"தொடாதீங்கண்ணா! காலையில செத்தப்ப எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கணுமாம். பட்டன் கழண்டாக் கூட உதவி இயக்குநர் கத்துவாரு. இந்த மெடலு வேற சட்டையை ஒரு பக்கமா இழுக்குது, கழட்டி வெக்கவும் விட மாட்டேங்கறாங்க."

டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க அந்தத் துணை நடிகர் மறுபடியும் சேற்றில் போய்ப் படுத்துக்கொண்டார். அவரைச் சுற்றி முப்பது பிணங்கள் தட்டும் கையுமாக மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மரத்தூள் அடைத்த மணல் மூட்டைகளுக்கு மேலே ஒரு பீரங்கி. அதன் வாயில் யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

ரேடியோவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று உண்டு. வாயை மூடாத காரணத்தால் அதை அவன் அம்மாவே மறந்து பல வருஷம் ஆகிறது. அவன் வேலை செய்யும் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டே பேர். ஒருவன் அவன். இன்னொருவர் இப்போது பீரங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேடம்.

"அட்டை" என்றார் மேடம்.

"நம்ம சம்பளம் மாதிரியா மேடம்? பார்க்கப் பெருசு, உள்ளே ஒண்ணுமில்ல."

மேடம் சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் திருட்டுப் புகார்களை விசாரித்தவர். காணாமல் போனதாக எழுதிக் கொடுத்த சாமானில் பாதியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். மனிதர்கள் திருடுவதைவிடத் தொலைப்பதுதான் அதிகம் என்பது அவருடைய அசைக்க முடியாத கட்சி.

இயக்குநர் ஓடிவந்தார். தாடி, தொப்பி, கழுத்தில் ஒரு விசில்.

"மேடம், மணி ரெண்டு. அஞ்சு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. மேடையில பெரியவர் அந்த மெடலோட நிக்கணும். கிடைக்கலேன்னா நேரா போலீஸ்தான். ஆள் யாருன்னு தெரியும், பொருள்தான் வேணும்."

விஷயம் இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த போரில், எதிரி குண்டு மழைக்கு நடுவே ஒரு லாரியில் பதினோரு வீரர்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர் என்று நாட்டின் மிகப் பெரிய பதக்கத்தை வாங்கியவர் ஒரு பெரியவர். அவர் வாழ்க்கையைத்தான் படமாக எடுக்கிறார்கள். குளோசப் காட்சிக்கு அசல் பதக்கமே வேண்டும் என்று இயக்குநர் அடம்பிடிக்க, நேற்று மாலை பெரியவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். படப்பிடிப்புச் சாமான்களுக்குப் பொறுப்பான ப்ராபர்ட்டிக்காரர் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவி அவரிடம் மட்டும். காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டியதும் பெரியவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், "இது என்னுது இல்ல."

"நகலை உள்ளே வெச்சுட்டு அசலைத் தூக்கிட்டான் மேடம்" என்றார் இயக்குநர். "அதுவும் யாரோட படத்துல? முதல் கார்டே 'இது முழுக்க முழுக்க உண்மை'ன்னு போடறோம்."

ரேடியோவால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், சண்டைக்குப் போறப்ப மெடலையும் குத்திட்டா போவாங்க?"

"ஹீரோ யாருன்னு ஆடியன்ஸுக்குத் தெரிய வேணாமா?"

"அந்த மெடலே இந்தச் சண்டைக்காகத்தானே குடுத்தாங்க?"

"ஆமா."

"இன்னும் சண்டையே முடியலையே."

இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நீங்க சினிமாவே பார்க்கறதில்லையா?"

பெரியவர் ஒரு மடக்கு நாற்காலியில், நிழலில், முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே நாயகனுக்கு வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை வரைந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸைப் பார்ப்பதுபோல அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களுது இல்லைன்னு பார்த்தவுடனே எப்படிச் சொன்னீங்க?" என்று மேடம் கேட்டார்.

"ரிப்பன் புதுசா இருந்துச்சும்மா. என்னுது எப்பவோ இத்துப் போச்சு. என் வீட்டுக்காரி ஜன்னல் திரைத்துணியில மீந்ததை வெட்டித் தெச்சுக் குடுத்தா. நிறம் கிட்டத்தட்ட ஒத்து வந்துச்சு."

"திரைத்துணியா?" இயக்குநர் நெஞ்சில் கை வைத்தார். "ஐயா, இதை மட்டும் பேட்டியில சொல்லிடாதீங்க."

"சொல்றதுக்கு வேற நிறைய இருக்கு" என்றார் பெரியவர். "அந்த லாரியை ஓட்டுனது நான்னு எழுதி வெச்சிருக்கீங்க. அதைப் பத்தி மூணு மாசமா..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்கய்யா. மேக்கப்! ஐயாவுக்கு வேர்க்குது பாருங்க!"

பெரியவர் மேக்கப்காரருக்கு முகத்தைக் காட்டினார். பிறகு மேடத்தை மட்டும் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார். "கிடைக்கலேன்னா போகட்டும்மா. வாரா வாரம் அதைத் தேச்சுத் தேச்சுப் பளபளன்னு வெச்சிருப்பா என் வீட்டுக்காரி, அவகிட்டத் திட்டு வாங்கறது என் பாடு. அந்த ஆளை மட்டும் போலீஸ்ல குடுத்துடாதீங்க. திருடற கண்ணு இல்ல அது."

அந்த ஆள் மேக்கப் அறையில், கண்ணாடியைச் சுற்றி எரியும் பல்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு காவலாளி. ப்ராபர்ட்டிக்காரர் அழுது முடித்து, மூக்கை உறிஞ்சும் கட்டத்தில் இருந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் மேடம். என் கையில ஒரு குண்டூசி தொலைஞ்சதில்ல. என் பொண்ணு போன மாசம்தான் பள்ளிக்கூடத்துல டீச்சரா சேர்ந்திருக்கா. அப்பன் மெடல் திருடன்னு டிவியில வந்தா, அவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பிள்ளைங்க முன்னாடி நிப்பா?"

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பதிவு நோட்டு வெச்சிருக்கீங்களா?" என்றார்.

ஆள் நிமிர்ந்துவிட்டார். நோட்டு என்றதும் அவருக்கு உயிர் வந்தது. எந்தச் சாமான் எப்போது எங்கே போனது, எப்போது திரும்பியது என்று கோடு போட்டு, முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தார். பதக்கத்துக்கு எட்டு நகல்கள் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஏழு முதலிலேயே வந்துவிட்டன. எட்டாவது நேற்று மாலைதான் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்த போலியை மேடம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தகரம். பின்னாடி ஒரு கொப்புளம் மாதிரி இருக்கே?"

"அச்சுல இருக்கற கோளாறு மேடம். எட்டுலயும் இருக்கும்."

"அப்போ இது வெளியில செஞ்ச போலி இல்ல. உங்க எட்டுல ஒண்ணு. ரேடியோ, மத்ததெல்லாம் எங்கே எங்கே இருக்குன்னு போய் எண்ணிட்டு வா. பின்பக்கம் திருப்பிப் பார்த்து எண்ணணும்."

ரேடியோ போனான். இருபது நிமிஷத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான்.

"நாயகன் சட்டையில ஒண்ணு. திருப்பிப் பார்க்கணும்னேன், ஆட்டோகிராப் போட்டுக் குடுத்துட்டாரு. டூயட் பாட்டுக் கோட்டுல ஒண்ணு..."

"டூயட்லயுமா?"

"பாட்டு போருக்கு நடுவுல வருதாம் மேடம், எதிரிங்க அந்த அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குவாங்களாம். சண்டைக்காரர்கிட்ட ரெண்டு. மாடியிலேர்ந்து விழறதுக்கு ஒண்ணு, நெருப்புல குதிக்கறதுக்கு ஒண்ணு. போஸ்டர் எடுக்கற போட்டோகிராபர்கிட்ட ஒண்ணு. சாமான் தட்டுல ரெண்டு. ஆக மொத்தம் ஏழு. எல்லாத்துக்கும் முதுகுல கொப்புளம். உங்க கையில இருக்கறதோட எட்டு." அவன் ப்ராபர்ட்டிக்காரரை வருத்தத்தோடு பார்த்தான். "நகல் எட்டும் பத்திரமா இருக்கு. போனது அசல்தான். மன்னிச்சுக்கங்கண்ணே, கணக்கு உங்களுக்கு எதிராப் போகுது."

ப்ராபர்ட்டிக்காரர் மறுபடியும் அழத் தயாரானார்.

மேடம் நோட்டின் கடைசி வரியில் விரலை வைத்திருந்தார். "இதை வாசிங்க."

"நேத்து சாயங்காலம் ஆறு மணி. நகல் ஒன்று, பழசாக்குவதற்காகப் பெயின்டரிடம் அனுப்பப்பட்டது."

"திரும்பி வந்துச்சா?"

"இல்ல மேடம். இன்னும் பெயின்டர்கிட்டத்தான் இருக்கணும்."

"நகல் எட்டையும் ரேடியோ இப்போதானே எண்ணிட்டான்? ஒண்ணு கூட பெயின்டர்கிட்ட இல்ல. அப்படின்னா நேத்து ஆறு மணிக்கு நீங்க பெயின்டருக்கு அனுப்பினது எது?"

ப்ராபர்ட்டிக்காரர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடியும் வாசித்தார். காவலாளி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் உங்க மேஜை மேல ரெண்டு மெடல் இருந்திருக்கணும்" என்றார் மேடம். "ஒண்ணு பெரியவர் குடுத்தது. ஒண்ணு புதுசா வந்த எட்டாவது. யாரு கொண்டுவந்து வெச்சாங்க?"

"இயக்குநர்தான். போன்ல பேசிட்டே வந்தாரு. 'அசலைப் பூட்டி வை, நகலைப் பழசாக்க அனுப்பு'ன்னு சொல்லிட்டு ரெண்டையும் வெச்சுட்டுப் போயிட்டாரு."

"எது அசல்னு சொன்னாரா?"

"அதை எதுக்கு மேடம் சொல்லணும்? பார்த்தாலே தெரியுதே. ஒண்ணு வெல்வெட் பெட்டியில, ரிப்பன் எல்லாம் மொடமொடன்னு, என்ன ஒரு மரியாதையா இருந்துச்சு. இன்னொண்ணு ஒரு பழைய கைக்குட்டையில சுருட்டி, ரிப்பன்னு ஏதோ ஒரு துணியைக் கையாலே தெச்சு..."

குரல் தேய்ந்தது. கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்பு வெளிச்சத்தில் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நாட்டுக்கே பெருமை சேர்த்த மெடல் கைக்குட்டையிலயா மேடம் வரும்?" என்றார் மெதுவாக.

"பஸ்ல வர்றவர் வேற எதுல கொண்டு வருவாரு?" என்று கேட்டுவிட்டு மேடம் எழுந்து நடந்தார்.

பெயின்டரின் கொட்டகை கடைசியில் இருந்தது. புதுச் சாமானைப் பழசாக்குவது அவர் தொழில். நேற்று வாங்கிய நாற்காலியை நூறு வருஷத்து நாற்காலியாக மாற்றி, அதில் உட்கார்ந்து கரையான் அரித்த மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டவுடன் பெருமையாகத் தலையாட்டினார்.

"ஆமா மேடம், கைக்குட்டையில வந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, அதைவிட மட்டமான நகலை நான் பார்த்ததே இல்ல. கண்ணாடி மாதிரிப் பளபளன்னு இருக்கு! நாற்பது வருஷத்து மெடல் அப்படியா இருக்கும்? செஞ்சவனுக்கு விவரமே பத்தல."

"வாரா வாரம் தேய்க்க ஒரு பொண்டாட்டி இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் மேடம்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க என்ன பண்ணீங்க?"

"உப்புத்தாள் போட்டு மினுமினுப்பை எடுத்தேன். டீத்தண்ணியில ஊற வெச்சேன். புகைக்கரி பூசினேன். சுத்தியலால ஓரத்துல ரெண்டு தட்டு. அப்புறம்தான் அதுக்கு ஒரு அசல் களை வந்துச்சு."

ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டான். "மேடம், அசலை எடுத்து அடிச்சு, கரி பூசி, அசல் மாதிரி ஆக்கியிருக்காரு."

மேடம் அதற்குள் குனிந்து துண்டுத் துணிகள் போடும் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். மேலாகவே கிடந்தது. விரல் நீளத்தில் ஒரு நீலத் துணி, ஓரத்தில் சின்னச் சின்னக் கைத்தையல்.

"அந்த ரிப்பனைப் பார்த்தாலே போலின்னு தெரியுது" என்றார் பெயின்டர். "கிழிச்சுப் போட்டுட்டுச் சரியான ரிப்பன் வெச்சுக் குடுத்தேன்."

"இப்போ அது எங்கே?"

"உதவி இயக்குநர் காலையில வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. ஹீரோவோட நண்பன் சாகற சீனுக்கு. ஹீரோ தன் மெடலைக் கழட்டிப் பிணத்தோட நெஞ்சுல காலையில குத்தினாரு இல்ல? பிணம்தானே, யாரு உத்துப் பார்க்கப் போறாங்கன்னு..."

ரேடியோ அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். சட்டையை ஒரு பக்கமாக இழுக்கும் மெடல். தகர மெடல் எதற்காகச் சட்டையை இழுக்க வேண்டும்?

"மேடம்! அதை நான் பார்த்தேன்! என் காலை மிதிச்சுது! ஒரு விரக்கடை தூரத்துல இருந்துச்சு. துடைக்கக் கூடப் போனேன்!"

"துடைச்சிருந்தா கேஸ் அப்பவே முடிஞ்சிருக்கும்" என்றார் மேடம். "வா."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காட்சி ஆரம்பமாகியிருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சேற்றில் பிணம் மல்லாந்து கிடந்தது. நாயகன் கண்ணில் கிளிசரினோடு ஓரமாக நின்று தன் முறைக்காகக் காத்திருந்தார். மேடம் நேராகக் கேமராவுக்கு முன்னால் நடந்து போய்ப் பிணத்தின் நெஞ்சிலிருந்த மெடலைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் இல்லை. கரிக்கு அடியில் ஒரு பெயரும் ஒரு எண்ணும் ஆழமாக வெட்டியிருந்தன.

"உங்க மெடல் இங்கே இருக்குங்கய்யா" என்றார். "இதை யாரும் திருடல."

நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். இயக்குநருக்கு முதல் வாக்கியத்தில் சந்தோஷம் வந்தது. மூன்றாவதில், போனில் பேசிக்கொண்டே மெடல்களை வைத்துவிட்டுப் போன ஆள் யார் என்ற இடம் வந்ததும் அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"சரி சரி, யார் மேலயும் தப்பில்ல. கழட்டுங்க, கழட்டுங்க! துடைச்சு வெல்வெட் பெட்டியில வைங்க!"

"ஒரு நிமிஷம்" என்றார் பெரியவர்.

நாற்காலியிலிருந்து எழுந்து சேற்றுக்குள் இறங்கினார். காவலாளியோடு ஓடிவந்து நின்ற ப்ராபர்ட்டிக்காரர் அவர் காலில் விழப் போனார். பெரியவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"ஐயா, வெல்வெட்டைப் பார்த்து ஏமாந்துட்டேங்கய்யா."

"நீ பரவாயில்லப்பா. ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க. நாற்பது வருஷம் முன்னாடி அரசாங்கமும் இதே தப்பைத்தான் பண்ணுச்சு. இன்னும் யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டுப் பிணத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். முட்டி சத்தம் கேட்டது. கட் என்று யாரும் சொல்லாததால் துணை நடிகர் கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொழில் தர்மத்தோடு செத்துக் கிடந்தார்.

"லாரியை ஓட்டுனது இவன்" என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். "வயித்துல குண்டு. ஆனாலும் ஓட்டுனான். கை நழுவினப்ப நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. ஊருக்குள்ள வந்து பிரேக் போட்டதும் இவன்தான். அப்புறம்தான் தலை சாஞ்சுது. எத்தனை தடவை எழுதிப் போட்டேன் தெரியுமா? செத்தவன் கதைக்குச் சாட்சி பத்தாதாம். உயிரோட இருந்தவன் நான், அதனால என் சட்டையில குத்திட்டாங்க. எத்தனையோ நாள் நினைச்சிருக்கேன், ஒரு தடவையாவது இவன் நெஞ்சுல குத்திப் பார்க்கணும்னு. எங்கே குத்தறது? மண்ணுக்குள்ள போயிட்டானே."

கோணலாகத் தொங்கிய மெடலை நேராக்கினார். கரி படிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். எழுந்து, குதிகால் சேர்த்து, ஒரு சல்யூட் அடித்தார். சாப்பிட்டு முடித்த முப்பது பிணங்களும் எழுந்து நின்றன. யாரும் எழச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு ஜோக் கூட இல்லாமல் போனதில் ரேடியோவுக்கே தன்மேல் பயம் வந்தது.

மேடம் அந்த நீலத் துணியைப் பெரியவர் கையில் வைத்தார். "இதைத் தொலைச்சுட்டுப் போனீங்கன்னா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

ப்ராபர்ட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்குளில் இடுக்கியிருந்த நோட்டைத் திறந்து, 'நகல் ஒன்று' என்ற கடைசி வரியை அடித்தார். அடித்துவிட்டு அதன் மேலே கொஞ்சம் தெளிவாக 'அசல்' என்று எழுதினார்.

இயக்குநர்தான் முதலில் வாய் திறந்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதில் பொய் சொல்ல முடியாது.

"ஐயா... பிரமாதம். உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கேமராவுல எல்லாம் வந்துடுச்சு." மூக்கை உறிஞ்சினார். "ஆனா முகம் கொஞ்சம் வயசா தெரியுது. இதையே நம்ம நாயகனை வெச்சு இன்னொரு டேக் எடுத்துடலாம். எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க!"

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"சார், அப்போ நான் மறுபடியும் சாகணுமா?"

பெரியவர் குனிந்து, கை கொடுத்து, அவரைச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்தினார்.

"வேணாம்ப்பா" என்றார். "நீ ஒரு தடவை செத்தது போதும்."